இடதுகை இழைப்புளி

ஆடி 3

இது என் நோட்டு. நான் ஆவுடையப்பன். வயது எழுபது. தச்சு வேலை. ஊர் அம்பாசமுத்திரம்.

இவ்வளவு எழுத அரை மணி நேரம் ஆனது. அதற்குள் ஒரு ஜன்னல் சட்டத்தை இழைத்து முடித்திருப்பேன்.

ஆடி 4

நேற்று எழுதியதை இன்று வாசித்துப் பார்த்தேன். வாசிக்க முடிந்தது. நான் எழுதியதை நானே வாசிக்கிறேன் என்று என் மனைவி கோமுவிடம் சொன்னேன். "வேற யாரு வாசிப்பா" என்றாள்.

முதியோர் வகுப்பில் ஜெசிந்தா டீச்சர் தினமும் நாலு வரியாவது எழுதச் சொல்லியிருக்கிறார். இந்த டைரி மூன்று வருஷத்துக்கு முந்தியது, மரக்கடையில் கொடுத்தது. இத்தனை நாளும் ஆடுகிற மேஜைக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். தச்சன் வீட்டு மேஜை ஆடுகிறது என்பதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன். அழித்தால் தாள் கிழிகிறது. அச்சடித்திருக்கும் தேதியை அடித்துவிட்டுத் தமிழ்த் தேதி போடுகிறேன்.

ஆடி 6, திங்கள்

வடிவு வந்தாள். என் ஒரே தங்கை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறாள். கையில் மஞ்சள் பை. பைக்குள் பழைய துண்டு. துண்டுக்குள், மரம் சீவும் இழைப்புளி ஒன்று.

அது அவள் வீட்டுக்காரர் பிரமநாயகத்துடையது. அவரும் தச்சர்தான். சித்திரையில் அவருக்கு வாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். வலது கை மட்டும் இன்னும் ஒன்றையும் பிடிக்க மாட்டேன் என்கிறது. நல்லவேளை, அவர் இடதுகைக்காரர். அவர் மகள் உலகு புதுவீடு கட்டுகிறாள். ஆவணி ஐந்தாம் தேதி வாசல் நிலை வைக்கிறார்கள். நிலைக்கு மஞ்சள் பூசுவதற்கு முன்னால் ஆசாரி அதன் மேல் ஒரு தடவை இழைப்புளி ஓட்ட வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. என் மகள் வீட்டு நிலையில் நான்தான் ஓட்டுவேன் என்று அவர் பிடிவாதமாக இருக்கிறாராம். அந்த ஆசையில்தான் எழுந்து நடக்கவே தொடங்கினாராம்.

மூன்று மாதம் கிடந்ததில் இழைப்புளி இறுகிப்போய்விட்டது. பழுது பார்க்க வேண்டும். "யாருகிட்ட வேணும்னாலும் குடு, உங்க அண்ணன்கிட்ட மட்டும் குடுக்காத" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வடிவு நேராக என்னிடம் வந்துவிட்டாள். அந்த வீட்டில் என் பெயர் இன்னும் பேச்சில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

எனக்கும் பிரமநாயகம் மாப்பிள்ளைக்கும் பேச்சு நின்று பத்தொன்பது வருஷம். ஏதோ ஒரு வேட்டி விஷயம். மறந்துவிட்டது.

ஆடி 7

ஆப்பு அசையவில்லை. தகட்டை அழுத்திப் பிடித்திருக்கும் மர ஆப்பு அது. ஈரத்தில் ஊதியிருந்தது. கட்டையின் பின்பக்கத்தில் கொட்டாப்புளியால் தட்டினால் ஆப்பு தானே தளர வேண்டும். தட்டினேன். தளரவில்லை. பலமாகத் தட்டினேன். என் கட்டைவிரல்தான் தளர்ந்தது. நிழலில் காயவைத்தேன்.

ஆடி 8

ஆப்பு வந்துவிட்டது. தகட்டில் துரு. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன்.

பிறகு கட்டையைக் கவிழ்த்து, மூலைமட்டத்தை அடிப்பக்கத்தில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பார்த்தேன். சிரிப்பு வந்தது. இடது ஓரம் அரை நூல் அளவு தேய்ந்து கிடந்தது. தகட்டின் முனையும் அதற்கேற்ற மாதிரி கோணலாகச் சாணை பிடித்திருந்தது. இப்படி ஒரு கோணல் சாமானை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்று பரிதாபப்பட்டேன். பரிதாபம் என்று எழுதியிருக்கிறேன். சந்தோஷம் என்றும் எழுதலாம்.

ஆடி 10

முழுக்கச் சரிசெய்துவிட்டேன். அடிப்பக்கத்தை இழைத்து மட்டமாக்கினேன். தகட்டு முனையைச் சாணைக்கல்லில் நேராக்கினேன். ஆப்பை இறுக்கி, தகட்டின் தலையில் ஒரு தட்டு. முனை தலைமயிர் அளவு எட்டிப் பார்த்தது. கொஞ்சம் அதிகம். கட்டையின் பின்னால் ஒரு தட்டு. உள்ளே போய்விட்டது. மறுபடி தலையில். இப்படிப் பதினோரு தட்டு. அடியில் எண்ணெய் தடவி, ஒரு தேக்குத் துண்டில் ஓட்டினேன். ஊதினால் பறக்கும் சீவல். அதை இந்தப் பக்கத்தில் வைத்தேன். அடியில் எழுத்துத் தெரிந்தது. என் எழுத்து.

கோமுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தரையைப் பெருக்கிட்டுத்தான் மறுவேலை பாப்பேன்" என்றாள்.

ஆடி 12

வடிவு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். நானே கொண்டுபோனேன். பஸ் போர்டை வாசித்து ஏறினேன். இவ்வளவு நாள் வண்டியின் நிறத்தைப் பார்த்து ஏறியவன். போகும் காரணம், நோயாளியைப் பார்ப்பது. அப்படித்தான் கோமுவிடம் சொன்னேன். உண்மையில் நாலு நல்ல வார்த்தை கேட்க ஆசை.

அந்த வாசலை மிதித்துப் பத்தொன்பது வருஷம். உலகு கல்யாணத்தில் தாய்மாமன் மாலை போடப் போனேன், அது மண்டபத்தில் நடந்தது. அன்று மாப்பிள்ளை பந்தலின் அந்த ஓரத்திலேயே நின்றுகொண்டார்.

இன்று கட்டிலில் இருந்தார். இளைத்துவிட்டார். என்னைப் பார்த்ததும் வடிவைப் பார்த்தார். அப்புறம் பேச்செல்லாம் வடிவு வழியாகத்தான். இருவருக்கும் நடுவே மூன்றடிகூட இல்லை.

"வடிவு, வந்த ஆசாரிக்குக் காப்பி குடு."

வாய் நன்றாக அமைந்திருக்கிறது என்று அவரிடம் சொல்லு என்றார். தகடு எட்டிப்பார்க்கும் இடத்தைத்தான் சொன்னார். சொல்லிவிட்டாள். நன்றி என்று சொல்லச் சொன்னேன். அதையும் சொன்னாள். ஒற்றைக் கையால் இழைப்புளியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். கவிழ்த்துப் பார்க்க அந்தக் கை போதாது.

அந்தப் பழைய வேட்டிக்குப் பச்சைக் கரை. எட்டு முழம். வேறு எதுவும் ஞாபகம் இல்லை.

ஆடி 16

மறுபடி போனேன். "உக்காரும்" என்றார். வடிவிடம் அல்ல. என்னிடம்.

ஆடி 18

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. டீச்சர், வராவிட்டாலும் எழுத வேண்டும் என்பார்.

வடிவு வீட்டுப் பட்டறைப் பலகையில் ஒரு தேக்குத் துண்டை இறுக்கிக் கொடுத்தேன். மாப்பிள்ளை கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, பலகையில் இடுப்பை முட்டுக்கொடுத்து நின்றார். வடிவு, உலகு, நான் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இடது கையால் தள்ளினார். நாலு விரற்கடை போயிருக்கும். தகட்டின் ஒரு மூலை மரத்தைக் குத்தி நின்றது. எடுத்து மறுபடி வைத்தார். கடகடவென்று உதறியது. மூன்றாம் தடவை ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. முதல் மாதம் வேலைக்கு வந்தவன்கூட அப்படி ஒரு பள்ளம் போட மாட்டான்.

அவர் அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்தக் கையும் போயிட்டு வடிவு" என்றார்.

பிறகு கட்டிலில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நிலைக்கு வேறு ஆளைப் பார்க்கும்படி உலகிடம் சொன்னார். அவள் அழுதாள். போகப் போகச் சரியாகும் என்று நான் சொன்னேன். தீட்டிக் கொண்டுவருகிறேன் என்று இழைப்புளியை எடுத்துவந்துவிட்டேன். தீட்ட ஒன்றுமில்லை. சும்மா நிற்க முடியாமல் எடுத்துவந்தேன்.

ஆடி 19

ஒன்றும் இல்லை.

ஆடி 20

காலையில் என் பட்டறையில் அந்த இழைப்புளியை ஓட்டினேன். வெண்ணெய் மாதிரி போனது. பத்துத் தடவை ஓட்டினேன். பத்துத் தடவையும் அப்படித்தான். அப்படியானால் கைதான் என்று நினைத்தேன். பாவம், அந்தக் கையும் போய்விட்டது.

ஒரு பழைய வித்தை எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வேலை செய்வது மாதிரி செய்துகாட்டுவேன். இடது தோளை உயர்த்தி, பின்பக்கத்தைக் கொஞ்சம் தள்ளி, நண்டு மாதிரி நகர்ந்து. அந்தக் காலத்தில் மரக்கடையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இன்று யாரும் இல்லை. ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. இடது கையில் இழைப்புளியைப் பிடித்து, அதே மாதிரி தோளை உயர்த்தித் தள்ளினேன்.

மூலை குத்தி நின்றது. நாலு விரற்கடையில்.

மறுபடி வைத்தேன். கடகடவென்று உதறியது. மூன்றாம் தடவை பள்ளம்.

இடது கையால் தள்ளுகிறவனின் கனம் இடது பக்கம்தான் விழும். நாற்பது வருஷம் அப்படி விழுந்து விழுந்துதான் அந்த ஓரம் தேய்ந்தது. அதற்கேற்ற மாதிரி அவர் தகட்டையும் சாய்த்துத் தீட்டி வைத்திருந்தார். அது கோணல் இல்லை. அவர் கைக்கு அளவெடுத்த சட்டை. அதை நான் என் கைக்குத் தைத்துவிட்டேன். தைத்துவிட்டுச் சீவலை டைரியில் வைத்து அழகு பார்த்தேன்.

நான் இழைத்து எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

ஆடி 21

சொல்லிவிடுவது என்று கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். மாப்பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அணையில் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். பஸ்ஸில் கூட்டம் என்று சொன்னேன். திரும்பி வந்துவிட்டேன்.

ஆடி 23

மறுபடி போனேன். வாழைத்தார் கொண்டுபோனேன். வாழையைப் பற்றி நிறையப் பேசினேன். எனக்கு வாழையைப் பற்றி இவ்வளவு தெரியும் என்று எனக்கே தெரியாது.

கைப்பயிற்சி கொடுக்க வரும் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். நேற்றிலிருந்து ஒரு வேளைதான் சாப்பாடாம். எழுந்து நடப்பதும் இல்லை. கை இல்லாத ஆசாரி நடந்து எங்கே போக வேண்டும் என்றாராம். வடிவு வாசல்வரை வந்து, "நீ வந்துக்கிட்டே இரு அண்ணே. அவரு வெளிய சொல்ல மாட்டாரு, உன்னைத்தான் தேடுதாரு" என்றாள்.

என்னைத் தேடுகிறாராம். சொன்னால் அது நின்றுவிடும். சொல்லாவிட்டால் அவர் கை நின்றுவிடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று வாசிக்கிறவர்கள் கேட்பார்கள். பஸ்ஸில் வரும்போது நான் யோசித்தேன். அதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஆடி 25

கோமுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வாயால வரலேன்னா கையால சொல்லுங்க. எழுதத்தான் படிச்சிருக்கீங்களே. பஸ் போர்டு வாசிக்க மட்டுமா படிச்சீங்க?"

ஆடி 26

என் முதல் கடிதம். காலையில் உட்கார்ந்தேன், முடிக்கும்போது கோமு மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு தடவை கூப்பிட்டிருந்தாள். நாலு தாள் வீண். ஐந்தாவது தாளில் இருப்பது இது:

மாப்பிள்ளைக்கு. உங்கள் கைக்கு ஒன்றும் இல்லை. கெட்டது இழைப்புளி. கெடுத்தது நான். இடது ஓரம் தேய்ந்திருந்ததைத் தப்பு என்று நினைத்து மட்டமாக்கிவிட்டேன். தகட்டையும் நேராக்கிவிட்டேன். அது உங்கள் கைக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். மூன்று நாளைக்கு முன்பே சொல்ல வந்து வாழையைப் பற்றிப் பேசினேன். ஆவுடையப்பன்.

ஆடி 27, திங்கள்

கொடுத்துவிட்டேன்.

வடிவுதான் அவரை எழுப்பிச் சாய்த்து உட்காரவைத்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். நான் எழுத அரை நாள் ஆனதை அவர் இரண்டு நிமிஷத்தில் வாசித்துவிட்டார். அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பிறகு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். நான் கொண்டுபோயிருந்த இழைப்புளியைக் கேட்டார். வடிவிடம் கவிழ்த்துப் பிடிக்கச் சொன்னார். இடது கைப் பெருவிரலால் அடிப்பக்கத்தை, அந்த ஓரத்தை, மெதுவாகத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. வடிவு பயந்துபோய் என்ன என்ன என்றாள்.

"கை இருக்கு வடிவு" என்றார்.

சோறு கேட்டார். சாப்பிட்டார். நான் புறப்பட எழுந்தேன். திட்டுவார் என்று காத்திருந்து, திட்டாததால் பயந்துபோய் எழுந்தேன். செருப்பைப் போடும்போது கூப்பிட்டார்.

"ஓய். இந்தக் கடுதாசி இழைப்புளிக்கு. அந்தப் பழைய நிலைக்கு எங்க?"

எனக்கு எந்த நிலை என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் நடித்திருப்பேன்.

"எழுதிட்டு வாரும். அது எல்லாரும் பாக்க நடந்துச்சு. இதை எல்லாரும் கேக்க வாசியும். உலகு வீட்டு நிலை வைக்கிற அன்னைக்கு."

ஆடி 28

இழைப்புளி அவர் வீட்டில்தான் இருக்கிறது. இனி நான்தான் தினமும் போக வேண்டும். உத்தரவு அவருடையது, கை என்னுடையது. தகட்டுக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய மரச்சீவல் வைத்து ஏற்றச் சொன்னார். அடிப்பக்கத்தின் இடது ஓரத்தைத் திரும்ப இழைக்கச் சொன்னார். நாற்பது வருஷத் தேய்மானத்தை நாலு நாளில் தேய்க்க வேண்டும்.

சோதித்துப் பார்க்கும் வேலையும் எனக்குத்தான், இடது கையால். அவர் கையை வீணாகக் களைப்பாக்க வேண்டாம் என்று உலகு சொல்லிவிட்டாள். நான் ஓட்டினேன். இழைப்புளி பலகையை விட்டு இறங்கி என் கால்மேல் விழுந்தது. மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

ஆடி 30

இடது கையால் ஒரு முழச் சீவல் வந்தது. ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் ஒன்றுமில்லை. "ஒரு தட்டு. தலையில வேண்டாம், பக்கத்துல. குழந்தை முதுகுல தட்டுத மாதிரி" என்றார். தட்டினேன். "அது குழந்தை இல்ல ஓய், மாடு" என்றார்.

இப்படி இடது கையால் தடுமாறும்போது வகுப்பில் முதல் நாள் பென்சில் பிடித்தது மாதிரி இருக்கிறது. தெரிந்த கை இருந்தும் தெரியாத கையால் செய்ய வேண்டும். இவருக்கு வாழ்க்கை முழுவதும் ஊரில் எல்லாச் சாமானும் வலதுகைக்குச் செய்தவையாகவே இருந்திருக்கின்றன. கத்தரி, ரம்பம், பட்டறை எல்லாமே. எழுபது வயதில் இது எனக்குத் தெரிகிறது. சீக்கிரமே தெரிந்துகொண்டேன்.

கோமு என் இடது தோளுக்குத் தைலம் தேய்த்தாள். "வலது கையாலயாவது சாப்பிடுவீங்களா, ஊட்டி விடணுமா?" என்று கேட்டாள்.

ஆவணி 1, ஞாயிறு

மாப்பிள்ளை இன்று தானே ஓட்டினார். குத்தவில்லை. உதறவில்லை. ஒற்றைக் கையால், இரண்டடித் துண்டில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. சீவலை எடுத்து வடிவின் தலையில் வைத்தார். அவள் பூ வைத்தது மாதிரி நாள் முழுக்க அதோடு நடமாடினாள்.

என்னைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அந்த இன்னொரு கடிதம் பாக்கி இருக்கிறது. அதை எழுதும்வரை நான் ஓய்தான், மச்சான் இல்லை.

ஆவணி 3

எழுதிவிட்டேன். இரண்டு நாள் ஆனது. வேட்டி ஞாபகம் இல்லை என்று ஆரம்பத்தில் எழுதியிருக்கிறேன். கரை நிறம் ஞாபகம் இருக்கிறவனுக்கு மற்றது மறக்குமா? டைரியிடமும் பொய் சொல்லியிருக்கிறேன். அதை யாரும் வாசிக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் சொல்லியிருக்கிறேன்.

கடிதம்:

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ரைஸ்மில் முதலாளி வீட்டில் நிலை வைத்தார்கள். அந்த நிலையை இரண்டு மாதம் உட்கார்ந்து செய்தது என் மாப்பிள்ளை பிரமநாயகம். நான் சாப்பிடப் போனவன். மாப்பிள்ளை இழைப்புளியை எடுத்ததும் முதலாளியின் அண்ணன், இடது கை வேண்டாம், வலதுகைக்காரன் யாரும் இல்லையா என்று கேட்டார். யாரும் பேசவில்லை. அப்போது நான் எழுந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. மாப்பிள்ளை கையிலிருந்து அவருடைய இழைப்புளியையே வாங்கி, அவர் செய்த நிலையில் நான் ஓட்டினேன். ஆசாரிக்கு என்று வைத்திருந்த வேட்டியையும் வெற்றிலையையும் நான் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு, சாமி இவருக்குக் கையை இடம் மாத்தி மாட்டிட்டாரு என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். மாப்பிள்ளையும் சிரிப்பார் என்று நினைத்தேன் என இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன். அப்படி நான் நினைக்கவில்லை. தப்பு என்னுடையது.

வாசித்துக் காட்டினேன். கோமு கீரை உருவவில்லை, பாத்திரம் கழுவவில்லை, சும்மா இருந்து கேட்டாள். "அந்த வேட்டியைத் தீபாவளிக்குக் கட்டுனீங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆவணி 5, வியாழன்

விடிந்ததும் உலகு வீட்டு மனைக்குப் போனோம். இருபது பேர் இருப்பார்கள். ஏழடித் தேக்கு நிலை, இரண்டு முட்டுக்கட்டை மேல் படுத்திருந்தது. கல்லும் மணலும் சுற்றிலும் கிடந்தன. மாப்பிள்ளை புதுச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் இழைப்புளி.

என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தேன்.

ஒவ்வொரு எழுத்தாகத்தான் எனக்கு வாசிக்க வரும். சேர்த்து வாசிக்க இன்னும் பழகவில்லை. பத்தொன்பது என்ற சொல்லிலேயே மூச்சு வாங்கியது. உலகின் மாமனார், பெரியவர் படித்ததைக் காட்டுகிறார் போல என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது காதில் விழுந்தது. ஒன்றிரண்டு பேர் நல்ல மனசோடு சிரித்தார்கள். இழைப்புளியை வாங்கி என்ற இடத்தில் சிரிப்பு நின்றது. கையை இடம் மாத்தி என்ற இடத்தில் என் எழுத்து எனக்கே தெரியவில்லை. தண்ணீர் மறைத்தது. விரல் வைத்துத் தேடி, அந்த வரியை முதலிலிருந்து மறுபடி வாசிக்க வேண்டியதாயிற்று. ஆகவே அதை இரண்டு தடவை கேட்டார்கள்.

முடித்தேன். மாப்பிள்ளை கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எழுந்தார்.

இழைப்புளியை நிலைமேல் வைத்து இடது கையால் பிடித்தார். வலது கையை மற்றவர்களைப் போல முன்பக்கம் வைக்கப் பார்த்தார். அது வழுக்கி விழுந்தது. மறுபடி தூக்கி வைத்தார். மறுபடி விழுந்தது. இரண்டடித் துண்டில் ஒரு கை போதும். ஏழடியில் முன்பக்கத்துக்கும் ஆள் வேண்டும். பெரிய மரங்களுக்கு நாங்கள் அப்படித்தான் செய்வோம். இழைப்புளியின் முன்னால் குறுக்குக் குச்சி இருக்கும். ஒருவர் பின்னாலிருந்து தள்ள, எதிரில் நிற்பவர் குச்சியைப் பிடித்து இழுத்துக்கொண்டே பின்பக்கமாக நடப்பார்.

உலகின் வீட்டுக்காரர் ஓடிவந்து குச்சியைப் பிடித்தார்.

"நீங்க இருங்க" என்றார் மாப்பிள்ளை. என்னைப் பார்த்தார்.

நான் போய்ப் பிடித்தேன். எதிர் எதிராக நின்றோம். இழைப்புளி நீளம்தான் நடுவில். பத்தொன்பது வருஷமாக நேருக்கு நேர் பார்க்காத முகத்தை அங்கே பார்த்துத்தான் ஆகவேண்டும், வேறு எங்கு பார்த்தாலும் இழைப்புளி கோணும். புருவம் நரைத்துவிட்டது. வலது கன்னம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. தள்ளினார். இழுத்தேன். சீவல் வாயிலிருந்து எழும்பிச் சுருண்டது. ஓரடி. இரண்டடி. அவருடைய கனம் இடது பக்கம் விழுவது என் கைவரை தெரிந்தது. அதற்கு இடம் கொடுத்து நடந்தேன். நாலடி. சீவல் அறுபடவில்லை. ஐந்தடியில் அவர் கண் என் தோளுக்குப் பின்னால் போனது.

"மச்சான், பின்னால கல்லு" என்றார்.

மச்சான் என்பது காதில் விழுந்தது. அதற்கு அப்புறம் சொன்னது விழவில்லை. ஆகவே கல்லில் தடுக்கி, குச்சியை விட்டு, இருபது பேர் பார்க்க மணலில் மல்லாந்து விழுந்தேன். மாப்பிள்ளை மீதி இரண்டடியைத் தனியாகத் தள்ளி முடித்துவிட்டுத்தான் என்னைத் தூக்க ஆள் அனுப்பினார்.